காவேரிப்பாக்கம் ஏரியில் ஊசிவால் வாத்துகள்

முதலில் ஆட்டோ கதை, இன்னும் மனசு ஆறவில்லை. விடிவதற்கு முன்பே வேலூரில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். காவேரிப்பாக்கம் ஊருக்குள் போகும் என்றுதான் கண்டக்டர் ஏற்றினார், இறக்கிவிட்டது பைபாஸில். அங்கிருந்து ஏரிக்கரைக்கு ஆட்டோவில் 200 ரூபாய்! நடந்தால் அரை மணி நேரம். வெயில் ஏறினால் பறவைகள் நடு ஏரிக்குப் போய்விடுமே என்ற பதற்றத்தில் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு என் மொத்த பட்ஜெட்டே 500.

கரைமேல் ஏறிப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. ஊசிவால் வாத்துகள்! தலையைத் தண்ணீருக்குள் விட்டு, கூரான வாலை வானத்துக்கு நீட்டி, கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. பக்கத்தில் நீலச்சிறகி, தட்டைவாயன் என்று வேறு வாத்துகள். ஓரச் சேற்றில் உள்ளான்கள், சேற்றைக் கிளறி இரை தேடும் சிறு பறவைகள். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "மார்கழில வந்திருந்தா ஒண்ணும் பாத்திருக்க மாட்ட தம்பி. ஏரி ரொம்பியிருந்துச்சு. தண்ணி வத்த வத்ததான் எறங்கும்."

அதுதான் விஷயம். இந்த வாத்துகள் முங்கி இரை தேடுபவை அல்ல. கழுத்து எட்டும் ஆழம் வேண்டும். உள்ளானுக்குச் சேறு வேண்டும். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வந்து, பாசனத்துக்கு மதகு திறந்து மெல்ல வற்றும்போதுதான் இரண்டும் கிடைக்கின்றன. பல்லவர் காலத்து ஏரி என்கிறார்கள். உழவுக்கு வெட்டியது சைபீரியப் பறவைக்கும் சோறு போடுகிறது.

இந்த வாத்துகள் குளிருக்குத் தெற்கே பறந்து வரும், சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொடும் வான்வழிக்கு மத்திய ஆசியப் பறக்கும் பாதை என்று பெயர். 2024 பிப்ரவரியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தில் கூடிய நாடுகள், இதைக் காக்கும் கூட்டு முயற்சிக்கு ஒப்புக்கொண்டன. ஒருங்கிணைக்கும் பொறுப்பு இந்தியாவுக்கு. நல்ல செய்திதான். ஆனால் சைபீரியக் கொக்கை நினைத்தால் பயமாக இருக்கிறது. அதற்காகவே 1993-இல் தனி ஒப்பந்தம் போட்டார்கள். அது குளிருக்கு வந்து தங்க ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயமும் இருந்தது. வழியில் வேட்டையும் வற்றிய நீர்நிலைகளும் விடவில்லை. 2002-க்குப் பிறகு அந்தக் கொக்கு பரத்பூருக்கு வரவே இல்லை.

தமிழ்நாட்டில் 20 ராம்சர் தலங்கள், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளவை என்று சர்வதேசப் பட்டியலில் இருக்கும் ஈரநிலங்கள். வேலூரும் இந்த ஏரியும் அடங்கிய பழைய வட ஆற்காட்டில் ஒன்றுகூட இல்லை. நான் நடந்த கரையில் பறவைகளைப் பற்றி ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. பிளாஸ்டிக் பைகள்தான் பட்டன. இது அநியாயம். ஜனவரிதோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, ஆர்வம் உள்ள யாரும் சேரலாம். வேலூர்க்காரர்கள் நாம் ஏன் இந்தக் கரையில் நிற்கக் கூடாது?

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுத நினைத்திருந்தேன், பறவைகள் இழுத்துக்கொண்டு போய்விட்டன. சாப்பாட்டை மட்டும் விட முடியாது: ரோட்டோரக் கடையில் விரால் குழம்பு, சுடுசோறு, 120 ரூபாய். புளியும் பூண்டும் தூக்கலாக, இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கினேன்.

பைபாஸிலிருந்து நடந்தே போங்கள். மார்ச்சில் வாத்துகள் வடக்கே கிளம்பத் தொடங்கிவிடும். அதற்குள் இன்னொரு நடை போய்வரப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.