முன் சக்கரத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் வண்டிக்கு மாவட்டத்தைவிட வயது அதிகம். கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். வண்டியோ 1997 மாடல். நம்பர் பலகையில் இன்றும் தர்மபுரியின் 29தான் இருக்கிறது. சித்தேரி மலைப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் நான்கு வருடங்களுக்கு முன் வாங்கினேன். பழைய டீசல் பிக்கப். கதவைச் சாத்த இரண்டு முறை அடிக்க வேண்டும், கண்ணாடியை ஏற்ற உள்ளங்கையால் தாங்க வேண்டும். ஆனால் கியர்க் கம்பிக்குப் பக்கத்தில், அதற்குத் தம்பி போல, இன்னொரு குட்டைக் கம்பி நின்றது. அந்தக் கம்பிக்காகத்தான் வண்டியை வாங்கினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அது ஃபோர் வீல் கம்பி. சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். இந்தக் கம்பியை இழுத்துப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சேறானாலும் மணலானாலும் ஏறிவிடும். இந்த விளக்கத்தை இதுவரை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்பதற்குக் கணக்கே இல்லை. தங்கைக்கு வரன் பேச வந்தவர்களையும் வண்டிக்குள் உட்காரவைத்துச் சொன்னேன். அந்த இடம் அமையவில்லை. கம்பி காரணமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பக்கத்துத் தோப்பு மாமாவிடம் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். அவரிடம் டிராக்டர் இருக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் எது சிக்கினாலும் அவர்தான் வந்து இழுத்துவிடுவார். “இனிமேல் உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை மாமா” என்றேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சரி மாப்பிள்ளை” என்றார். அந்தச் ‘சரி’யை அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தோப்பு சந்தூர் போகும் பக்கம். போன ஜூனில் பெங்களூரா அறுப்பு நடந்தது. மாங்கூழ் ஆலைக்குப் போகிற காய். சாயங்காலத்துக்குள் இறக்கியாக வேண்டும். முந்தின இரவு நல்ல மழை. தோப்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை உண்டு. வருடத்தில் பதினொரு மாதம் யாராவது சொன்னால்தான் அது ஓடை என்று தெரியும். அன்றைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐம்பது கிரேட் மாங்காயோடு நடு ஓடையில் பின் சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. காய் பறிக்க வந்தவர்கள் தள்ளுவதற்காக இறங்கினார்கள். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். நான்கு வருடங்களாகக் காத்திருந்த தருணம் அல்லவா! “யாரும் தொட வேண்டாம். சும்மா பாருங்கள்” என்று சொல்லிக் குட்டைக் கம்பியை இழுத்தேன். அழகாக விழுந்தது. கிளட்ச்சை விட்டேன்.

பின் சக்கரங்கள் இன்னும் உற்சாகமாகக் குழி தோண்டின. முன் சக்கரங்கள் இரண்டும் மணமேடை மாப்பிள்ளை போல அசையாமல் உட்கார்ந்திருந்தன. கம்பியை அடுத்த நிலைக்கு, மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் ‘லோ’வுக்குத் தள்ளினேன். பலன் இருந்தது: அதே குழியைப் பின் சக்கரங்கள் இப்போது நிதானமாகத் தோண்டின. பதினைந்து பேர், நான் சொன்னபடியே, யாரும் தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சினன் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டிருந்தான்.

கால் மணி நேரத்தில் டிராக்டர் வந்தது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கிலியை மாட்டினார், இழுத்தார், கழற்றினார், போனார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம். ஃபியூஸ் போயிருக்கும் என்றார் ஒருவர். கம்பியால் கியரைத் தள்ளுகிற வண்டியில் அதற்கு எந்த ஃபியூஸ் என்று அவருக்கும் தெரியவில்லை. எண்ணெய் மாற்றச் சொன்னார் இன்னொருவர். நகரத்தில் ஒரு பட்டறையில் வண்டியைப் பார்க்காமலேயே, கியர்ப் பெட்டியை இறக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும், முப்பதாயிரம் தயார் செய்துகொண்டு வாருங்கள் என்றார்கள். முப்பதாயிரத்துக்கு டிராக்டரை எத்தனை முறை கூப்பிடலாம் என்று மனைவி கணக்குப் போட்டுச் சொன்னாள். நான் கேட்காத கணக்கு அது.

கடைசியில் பழையபேட்டையில் இருக்கும் ஒரு பாயிடம் போனேன். வயதானவர், ஜீப் வேலையில் முடி நரைத்தவர். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. ஜாக்கியை எடுத்தார். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, முன்பக்கத்து இரண்டு சக்கரங்களும் தரையை விட்டு எழும்பும்படி தூக்கி, அச்சுக்கு அடியில் தாங்கி வைத்தார். எஞ்சினை அணைத்து முதல் கியரில் போடச் சொன்னார். குட்டைக் கம்பியை ஃபோர் வீலில் போடச் சொன்னார்.

“கம்பியில் தொடங்குகிற சக்தி சக்கரம் வரைக்கும் நடந்து போகிறது தம்பி. வழியில் எங்கே உட்கார்ந்துவிட்டது என்று பார்த்தால் போதும். எல்லாவற்றையும் எதற்குப் பிரிக்க வேண்டும்?”

வண்டிக்கு அடியில் படுத்து, முன் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகிற ஜாயின்ட் தண்டைக் கையால் திருகிப் பார்த்தார். அசையவில்லை. அப்படியானால் கம்பியும் அதற்குக் கீழே இருக்கும் பெட்டியும் ஒழுங்காகப் பிடித்திருக்கின்றன என்று அர்த்தமாம். எனக்கு முப்பதாயிரம் அந்த இடத்திலேயே மிச்சமானது. அடுத்து இடப்பக்க முன் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். அது ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டே இருந்தது. பாய் எழுந்து உட்கார்ந்து, சக்கரத்தின் நடுவே இருந்த மூடியை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது என்ன தம்பி?”

“ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு, பாய்.”

“பொட்டு தெரிகிறது. அதற்குக் கீழே?”

“வெள்ளிப் பெயின்ட். நானே அடித்தேன்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துச் சுரண்டினார். சந்தனம், குங்குமம், பெயின்ட் என்று ஒவ்வோர் அடுக்காக உதிர, உள்ளே ஓர் அம்புக்குறி வந்தது. அம்பின் முனையை ஒட்டிச் சுரண்டினார். ‘ஃப்ரீ’ என்ற எழுத்து வந்தது. வலப்பக்கத்து மூடியைச் சுரண்டினார். அங்கே அம்பு ‘லாக்’கில் நின்றது.

நான்கு வருடங்களாக நான் மூடி என்று நினைத்துக்கொண்டிருந்தது மூடி இல்லை. பழைய ஃபோர் வீல் வண்டிகளில் பலவற்றுக்கு முன் சக்கரத்தின் நடுவே இப்படி ஒரு ஹப் லாக் இருக்கும். அதை ‘ஃப்ரீ’யில் வைத்தால் சக்கரம் தனி, உள்ளே இருக்கும் அச்சு தனி. தார் ரோட்டில் முன்பக்கத்துச் சாமான்கள் வீணாகச் சுற்றித் தேயாமல் இருக்க அந்த ஏற்பாடு. சேற்றில் இறங்குவதற்கு முன்னால் கீழே இறங்கி, இரண்டு பக்கத்தையும் கையால் ‘லாக்’குக்குத் திருப்ப வேண்டும். வண்டியை விற்ற மலைக்காரர் இரண்டையும் நிரந்தரமாக ‘லாக்’கிலேயே வைத்து ஓட்டியிருக்கிறார்.

அப்படியானால் இடப்பக்கம் மட்டும் எப்படி மாறியது? எனக்கு மெல்ல நினைவு வந்தது. பெயின்ட் அடிப்பதற்காகத் துடைத்தபோது அந்த மூடி கையோடு திரும்பியது. வலப்பக்கத்து அம்பு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் லட்சணமாக இருக்குமே என்று இடப்பக்கத்து அம்பையும் வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அதன் மேல் இரண்டு கோட் பெயின்ட். அதன் மேல் பொட்டு. அதற்கு மேல் கற்பூரமும் காட்டினேன்.

இதைப் பாயிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, பெரிய மனிதர். உதவிக்கு இருந்த பையன் மட்டும் வண்டிக்குப் பின்பக்கம் போய்விட்டு வந்தான்.

“ஒரு பக்கம்தானே ஃப்ரீ? இன்னொரு சக்கரமாவது இழுத்திருக்கலாமே?” என்று கேட்டேன்.

“இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற கிரவுன் அப்படிப்பட்ட தகப்பன் இல்லை தம்பி. இரண்டு பிள்ளைகளில் எவன் வேலை இல்லாமல் சுற்றுகிறானோ அவனுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடும். இடப்பக்கத்து அச்சு உள்ளே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்துக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.”

மூடியைத் திருப்பப் பார்த்தால் அசையவில்லை. தின்னர் போட்டுப் பெயின்ட்டைக் கரைத்து, ஆறு போல்ட்டைக் கழற்றினார். உள்ளே கிரீஸ், மூன்று வருடத்துப் புளி போல இறுகிக் கருத்திருந்தது. டீசலில் கழுவித் துடைத்துப் புதுக் கிரீஸை மெல்லிசாகத் தடவினார். அள்ளி அப்பினால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளுமாம். மாதம் ஒரு முறையாவது திருப்பிப் பார்க்கச் சொன்னார். பூட்டியபின் திருப்பினால் ‘டக்’ என்று உட்கார்ந்தது. இப்போது இரண்டு முன் சக்கரங்களில் எதைச் சுற்றினாலும் மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. கூலி முந்நூறு ரூபாய். ஒரு கிரேட் பழம் நானாக வைத்துவிட்டு வந்தேன்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது டீக்கடை வாசலில் மாமா உட்கார்ந்திருந்தார். மச்சினனும் இருந்தான். படம் பார்த்தவர்கள் எல்லோருமே இருந்தார்கள்.

இறங்காமலேயே குட்டைக் கம்பியை இழுத்து, கடைக்கு எதிரே இருக்கும் புளியமரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். சுற்றிலும் காய்ந்த தார் ரோடு. முதல் சுற்றிலேயே ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. இரண்டாவது சுற்றில் முன் சக்கரங்கள் கிறீச்சிட்டுத் தத்தின. எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். மனம் குளிர, கம்பியைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். வரவில்லை. இரண்டு கையால் தள்ளினேன். காலால் உதைத்தேன். நான்கு வருடங்களாக இழுக்க மறுத்த ஃபோர் வீல், இப்போது விட மறுத்தது.

கண்ணாடியை ஏற்றிவிட்டு, குனிந்து பாய்க்குப் போன் செய்தேன்.

“தார் ரோட்டில் போட்டீர்களா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. “வளையும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது தம்பி. சேற்றில் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாது. முறுக்கு உள்ளேயே ஏறிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து ஒரு பத்தடி பின்னால் வாருங்கள், அவிழ்ந்துவிடும்.”

பின்னால் வந்தேன். பத்தடியில் அவிழவில்லை. இருபதடி வந்தபோது கம்பி ‘டக்’ என்று கழன்றது. அதற்குள் வண்டியின் பின்பக்கம் டீக்கடை பெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கால்களைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்த மாமா, டம்ளரோடு எழுந்து வந்து ஜன்னலைத் தட்டினார். கண்ணாடியை உள்ளங்கையால் தாங்கி இறக்கினேன்.

“டிராக்டர் எடுத்து வரட்டுமா மாப்பிள்ளை?” என்றார்.