பழைய காதலின் கடிதங்களை வைத்துக்கொள்பவர்களுக்கு

அந்த ஆள் மாறிவிட்டார். வாட்ஸ்அப் டிபியின் நரையிலும் ஸ்டேட்டஸில் போடும் அரசியல் சண்டையிலும் பழைய முகத்தைத் தேடுவது வீண். மிச்சம் இருப்பது இன்லேண்ட் லெட்டர்களும் நாலைந்து போட்டோக்களும்தான். அவையும் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

முதலில் ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். நம்மூர் வெக்கையில் இளகிக் காகிதத்தில் கறையாக ஒட்டிவிடும். குண்டூசி துருப்பிடிக்கும். இன்லேண்ட் மடிப்பில்தான் கிழியும். பிரித்துத் தட்டையாக வையுங்கள். கிழிசலில் செலோ டேப் வேண்டாம், பசை பழுத்துப்போய்க் காகிதத்தில் ஊறும். லேமினேஷன் அதைவிட மோசம்: சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது.

80களின் கலர் பிரிண்டில் முகம் சிவந்திருந்தால் அது வெட்கம் இல்லை. நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கும். சிவப்புதான் தூக்கலாகத் தெரியும். ஸ்கேன் செய்து திருத்தலாம்: ஸ்கேனரில் நுணுக்க அளவு (டிபிஐ) கடிதத்துக்கு 300, போட்டோவுக்கு 600. ஒட்டும் பக்க ஆல்பத்தில் சிக்கிய படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்கில் விடும் மெழுகில்லாத ஃப்ளாஸ் நூலைப் பின்பக்கம் நுழைத்து மெதுவாக இழுங்கள். அசையவில்லையா, பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பரண் வேண்டாம், பீரோவின் நடுத்தட்டு போதும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள், அந்துருண்டை ஆகாது. இன்றைய டிபியைப் பிரிண்ட் எடுத்து அதே பெட்டியில் வைக்கும் ஆசையும் வேண்டாம். ஈரக்காற்றில் இன்க்ஜெட் மை பக்கத்துக் கடிதத்தில் இறங்கிவிடலாம்.