மேலே உருளும் ராக்கெட் அடுக்குகள்: முட்டத்திலிருந்து எடுத்த அளவுகள், இதுவரை

விண்வெளிக் குப்பையில் பெரும்பகுதி நம் கண்ணுக்குச் சிக்காது. ஆனால் வேலை முடிந்ததும் சுற்றுப்பாதையிலேயே விடப்பட்ட ராக்கெட் மேலடுக்குகள் சிக்கும். வானம் தெளிவாக இருந்தால் பைனாகுலர்கூடத் தேவைப்படாது. சோவியத் காலத்து ஸெனித் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு சுமார் 11 மீட்டர் நீளம், 9 டன் எடை. பட்டியல்களில் அதன் பெயர் எஸ்எல்-16. 840 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும்போது நட்சத்திரம் மாதிரி நன்றாகவே தெரியும். கோஸ்மோஸ்-3எம் ராக்கெட்டின் அடுக்கு, அதாவது எஸ்எல்-8, அதைவிடச் சிறியது, ஆனால் எண்ணிக்கையில் அதிகம்.

இந்த சீசனில் நான் எடுத்துக்கொண்ட வேலை இதுதான்: இவற்றில் எது உருண்டுகொண்டு போகிறது, எவ்வளவு வேகத்தில் உருளுகிறது என்று அளப்பது. உருளும் அடுக்கு சீராக ஒளிராது. வெயில் அதன் பக்கவாட்டில் பட்டுத் திரும்பும்போது பளிச்சென்று மின்னி அடுத்த நொடியில் மங்கிவிடும். உருளை வடிவம் என்பதால் ஒரு முழுச் சுற்றுக்குப் பொதுவாக இரண்டு மின்னல். ஆகவே மின்னலுக்கு மின்னல் உள்ள இடைவெளியை இரண்டால் பெருக்கினால் சுழற்சி நேரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் நமக்கு உண்டு, மற்ற மாதங்களில் மேகம் விட்டுக்கொடுக்காது. முட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். தெற்கே கடல் மட்டும்தான், ஊர் வெளிச்சம் முதுகுப்பக்கம் போய்விடும். கலங்கரை விளக்கின் ஒளி நேராகக் கண்ணில் படாதபடி பாறைக்குக் கீழே இறங்கி நின்றுகொள்ள வேண்டும். எஸ்எல்-8 அடுக்குகளில் பல நிலநடுக்கோட்டுக்கு 83 டிகிரி சாய்வில் சுற்றுவதால் வடக்கிலிருந்து தெற்கே, அல்லது தெற்கிலிருந்து வடக்கே, கிட்டத்தட்ட நேர்கோடாகப் போகும். கடல்மேல் அடிவானம் வரை தொடர்ந்து பார்க்கலாம்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊருக்கு இது முக்கியம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் இங்கே செங்குத்தாக இறங்கும், இருட்டும் வேகமாக வரும். தலைக்கு மேலே 400 கிலோமீட்டரில் இருக்கும் பொருளுக்கு, நமக்குச் சூரியன் மறைந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான் வெயில் கிடைக்கும். 800 கிலோமீட்டரில் இருப்பதற்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். நான் தேடும் அடுக்குகள் உயரத்தில் இருப்பவை என்பதால், முதல் முக்கால் மணி நேரத்தை விட்டுவிட்டு நன்றாக இருட்டிய பிறகு தொடங்குகிறேன்.

எது எப்போது வரும் என்பதை ஹெவன்ஸ்-அபோவ் தளம் சொல்லிவிடும். அளப்பதற்கு ஸ்டாப்வாட்ச் ஒத்துவரவில்லை, கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பைனாகுலரில் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு மின்னலுக்கும் "ஆ" என்று ஒரு குரல் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்து ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு குரலும் ஒரு முள் மாதிரி நிற்கும். முதல் முள்ளிலிருந்து கடைசி முள் வரை உள்ள நேரத்தை இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வந்துவிடும். ஒற்றை இடைவெளியை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். டிரைபாடில் கேமராவை வைத்துப் பத்து நொடி திறந்து எடுத்த படங்களில் கோடு விட்டுவிட்டு விழுகிறது, அதைக் கொண்டு சரிபார்த்துக்கொள்கிறேன். உப்புக்காற்று லென்ஸில் படியும். அதை உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது.

இதுவரை பார்த்ததில், சில எஸ்எல்-8 அடுக்குகள் சில நொடிக்கு ஒருமுறை மின்னுகின்றன. சில மெதுவாக மங்கி மெதுவாகவே தெளிகின்றன. பெரிய எஸ்எல்-16 ஒன்று வானத்தைக் கடக்கும்வரை ஒளி மாறவே இல்லை. உலோக உடல் பூமியின் காந்தப்புலத்துக்குள் சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, வருடக்கணக்கில் சுழற்சியைத் தணிக்கும். எஞ்சிய எரிபொருள் கசிந்தாலோ சுழற்சி கூடவும் செய்யலாம். ஒரே அடுக்கை அடுத்தடுத்த சீசன்களில் அளந்தால்தான் எது நடக்கிறது என்று சொல்ல முடியும். அதற்காகத்தான் இந்தப் பதிவேடு.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றால், குப்பையை அகற்றும் திட்டங்கள் எல்லாம் வந்து முட்டி நிற்பது இந்த உருளலில்தான். நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகும் பொருளை எட்டிப் பிடிப்பது எப்படி என்பதற்கு வழி உண்டு. ஜப்பானின் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் 2024இல் அனுப்பிய அட்ராஸ்-ஜே, 2009இல் விடப்பட்ட ஒரு எச்-2ஏ மேலடுக்கை 15 மீட்டர் அருகில்வரை நெருங்கிவிட்டது. ஆனால் டன் கணக்கில் எடையுள்ள ஒன்று சுற்றிச் சுழன்றுகொண்டிருந்தால் அதை எந்தக் கையால் பற்றுவது?

வலை வீசிப் பிடிப்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2018 செப்டம்பரில் ரிமூவ்டெப்ரி என்ற செயற்கைக்கோள், தானே வெளியே விட்ட சிறு இலக்கின்மேல் வலையை வீசிச் சுருட்டிக் காட்டியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஈட்டியும் எய்து பார்த்தார்கள். முட்டத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "வலையப் போட்டாச்சு, சரி. பொறவு கயித்த யாரு இழுப்பா? வள்ளத்துல நிக்கவனுக்குக் காலு ஊணுததுக்கு ஒரு எடம் வேணும்லா மக்களே?" என்றார். பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடமும் அதேதான். சுழலும் அடுக்கில் கயிறு மாட்டினால் அது இழுக்கும் கலத்தையும் சேர்த்துச் சுற்றும். ஊன்றிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

அதனால் குப்பையாகாமல் தடுப்பதில்தான் என் நம்பிக்கை. இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. ஆரல்வாய்மொழி தாண்டினால் தெரியும் மகேந்திரகிரி மலையடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்ட எல்லைக்குள், இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. பிஎஸ்எல்வியின் நான்காம் அடுக்கு எஞ்சின்களைச் சோதிப்பது அங்கேதான். 2001இல் ஏவிய பிஎஸ்எல்வி-சி3இன் நான்காம் அடுக்கு, அந்த டிசம்பரில் சுற்றுப்பாதையிலேயே வெடித்து 300க்கு மேற்பட்ட துண்டுகளானது. அதன் பிறகு, பணி முடிந்ததும் எஞ்சிய எரிபொருளையும் அழுத்த வாயுவையும் வெளியேற்றி அடுக்கைச் செயலிழக்கச் செய்யும் வழக்கம் வந்தது. 2024 ஜனவரி 1 அன்று ஏவிய சி58இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 650 கிலோமீட்டரில் செயற்கைக்கோளை விட்டுவிட்டு, அடுக்கின் எஞ்சினை மறுபடி இயக்கி 350 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே வைத்து போயம்-3 என்ற பெயரில் ஆய்வுக் கருவிகளையும் இயக்கினார்கள். மார்ச் 21 அன்று அது வளிமண்டலத்தில் நுழைந்து முடிந்தது.

எதிர்ப்பக்கத்துக்கு 2007இல் சீனா தன் ஃபெங்யுன்-1சி செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்ததைச் சொல்லலாம். 3,000க்கு மேற்பட்ட துண்டுகள் பட்டியலில் ஏறின. உயரம் 860 கிலோமீட்டர் அளவில் என்பதால் பெரும்பாலானவை இன்னும் மேலே இருக்கின்றன.

ஒரு பொருள் எவ்வளவு காலம் மேலே இருக்கும் என்பதை உயரம் எந்த அளவு தீர்மானிக்கிறது என்று நானே வரைந்து பார்க்க விரும்பினேன். ஸ்பேஸ்-ட்ராக் என்ற அமெரிக்கத் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் பழைய சுற்றுப்பாதைத் தரவுகள் கிடைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரித் தரவு உண்டு; அதன் இரண்டாம் வரியில், கடைசிப் பகுதியில், ஒரு நாளில் எத்தனை சுற்று என்ற எண் இருக்கும். 14.2 என்றால் ஏறத்தாழ 840 கிலோமீட்டர் உயரம், 15.7 என்றால் 360, 16.3 வந்தால் 200க்கும் கீழே. 2025 ஏப்ரல் 4 அன்று இந்தியப் பெருங்கடல் பகுதியில் முடிந்த, போயம்-3 போன்றே இன்னொரு பிஎஸ்எல்வி அடுக்கான போயம்-4இன் எண்களை உயரமாக மாற்றி ஸ்பிரெட்ஷீட்டில் வரைந்தேன். தொடக்கத்தில் கோடு தட்டையாக வந்து, போகப்போகச் சரிந்து, கடைசியில் செங்குத்தாக விழுகிறது. பக்கத்திலேயே ஒரு எஸ்எல்-16இன் பல வருடத் தரவை வரைந்தால் படுத்துக் கிடக்கும் கோடு, அவ்வளவுதான். 9 டன், இன்னும் நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே. வேலை முடிந்தவை கீழே வந்துவிட 25 ஆண்டு கெடு என்று 2002இல் விண்வெளி அமைப்புகள் வகுத்தன, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2022இல் அதை 5 ஆண்டாகச் சுருக்கியது. இந்த இரண்டு கோடுகளையும் பார்த்த பிறகு 5 ஆண்டுதான் நியாயம் என்று படுகிறது.

அடுத்த வேலைக்கு மைத்துனனைச் சேர்த்திருக்கிறேன். அவன் பேச்சிப்பாறையில், நான் முட்டத்தில். இடையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஒரே நொடியில் இருவரும் படம் எடுத்தால், தலைக்கு மேலே 840 கிலோமீட்டரில் போகும் அடுக்கு நட்சத்திரங்களுக்கிடையே இரண்டு டிகிரிக்கு மேல் இடம் மாறித் தெரிய வேண்டும், அதாவது நான்கைந்து முழுநிலவு அகலம். அதிலிருந்து உயரத்தை நாங்களே கணக்கிட்டு, பட்டியலில் உள்ளதோடு ஒப்பிடப் போகிறோம். போன் கடிகாரங்களை ஒத்திசைக்கும் செயலியை இருவர் போனிலும் போட்டாகிவிட்டது. அவன் பக்கம் மலை மேகம் விலக வேண்டும்.