8 நிமிடம் 46 நொடி

சென்ற மாதம் ஓர் இரவு, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள எங்கள் அலுவலகத்தில், இரண்டு சர்வர்களின் லாக் கோப்புகளை (நடந்தவற்றை நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவுகளை) அருகருகே வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டதாக ஒன்றில் 21:14:07 என்று பதிவாகியிருந்தது. அவர் பணம் செலுத்தியதாக மற்றொன்றில் 21:14:11. வராத பணத்தை 4 நொடி முன்னதாகவே திருப்பிக் கொடுத்த தாராளம் எங்களுடையது. தேடிப் பார்த்தபோது, முதல் சர்வரில் நேரத்தைச் சரிசெய்யும் என்.டி.பி. சேவை நின்றுபோய், கடிகாரம் மெல்லப் பின்தங்கியிருந்தது தெரிந்தது. அதைக் கவனித்திருக்க வேண்டியவன் நான்தான்.

தனித்தனி இயந்திரங்களின் கடிகாரங்கள் ஒருபோதும் முற்றிலும் ஒத்துப்போகா என்பதை ஏற்றுக்கொண்டே, 1978இல் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் வேறொரு வழியைச் சொன்னார். ஒவ்வொரு இயந்திரமும் ஓர் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளும்; செய்தி அனுப்பும்போது அந்த எண்ணையும் சேர்த்தே அனுப்பும். என் எண் 4 ஆக இருக்கையில் 7 என்ற எண்ணோடு ஒரு செய்தி வந்தால், நான் 8க்குத் தாவிவிட வேண்டும். மணி என்ன என்று அந்த எண் சொல்லாது; அனுப்பியது முந்தியது, பெற்றது பிந்தியது என்ற வரிசை மட்டும் குலையாது. எங்களுக்கு அன்று தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு இது புதிய சிக்கலும் அல்ல. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தின் கணக்குப்படி அமைந்த மெட்ராஸ் நேரம், கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் இருந்தது. கல்கத்தாவும் பம்பாயும் தத்தம் நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டுக்கும் நடுவில் அமைந்த மெட்ராஸ் நேரத்தையே ரயில்வே பொதுவாக்கிக்கொண்டது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்கு ஆளுக்கொரு மணிக்கணக்கு இருந்தால் என்னவாகும் என்று ரயில்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருந்திருக்காது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய சீர் நேரம் வந்தபோது, மெட்ராஸ் தன் கடிகாரத்தை 8 நிமிடம் 46 நொடி முன்னே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் பாடு ஒரு மணி நேரம். நியூயார்க் குழுவோடு நடக்கும் தினசரிக் கூட்டம் அவர்களுக்கு ஆண்டு முழுதும் காலை 9 மணிதான். எங்களுக்கோ கோடையில் மாலை 6.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் 7.30. அதற்குள் அலுவலகப் பேருந்து கிளம்பிவிடும் என்பதால், தாம்பரம் போகவேண்டிய தோழி பாதியில் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் இல்லாமல் எடுத்த முடிவுகள் மறுநாள் காலை அவர் மேசைக்கு வேலையாக வந்து சேரும். இந்த ஆண்டு, நவம்பர் முதல் மார்ச் வரை அவர்களின் காலை 8 மணிக்குக் கூடலாமா என்று எழுதிக் கேட்டோம். சரி என்று ஒரே வரியில் பதில் வந்தது. மூன்று ஆண்டுகளாக நாங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் உறுத்துகிறது.