ஜெருசலேமில் ஒரு பால் காபிக்கு ஆறு மணி நேரம்

போன வாரம்தான் திரும்பினேன். பஸ், தங்குமிடம், செலவுக் கணக்கு என்று வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், அதெல்லாம் அப்புறம். முதலில் சாப்பாடு.

மஹனே யெஹுதா சந்தையை ஒட்டிய அக்ரிப்பாஸ் தெருவில் 'மெயோராவ் யெருஷல்மி' கிடைக்கும். கோழி இருதயம், ஈரல், மண்ணீரல் எல்லாவற்றையும் வெங்காயத்தோடு சூடான இரும்புக் கல்லில் வதக்கி, பீட்டா ரொட்டிக்குள் அடைத்து, மேலே எள் அரைத்த தஹினியும் 'அம்பா' என்கிற மாங்காய்ச் சட்னியும் ஊற்றித் தருகிறார்கள். அம்பா ஈராக்கிலிருந்து வந்த யூதர்கள் கொண்டுவந்தது, நம் மாங்காய் ஊறுகாய்க்குச் சொந்தம். இந்தப் பயணத்தில் இதைவிட நல்ல சாப்பாடு நான் சாப்பிடவில்லை. யூத உணவு விதிப்படி கறியோடு தயிர் சேர்க்கக் கூடாது என்பதால் தஹினிதான் அந்த வழுவழுப்பைத் தருகிறது, தயிரை நான் தேடவே இல்லை.

பாதி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து காபிக் கடைக்குள் நுழைந்தேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அது 'ஹலாவி', அதாவது பால் பொருள் கடை, கறி உள்ளே வரக் கூடாது. கறிச் சாப்பாட்டுக் கடை 'பசாரி', அங்கே பால் காபி கிடையாது. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

நான் தங்கிய வீட்டு அம்மாதான் தன் சமையலறையைக் காட்டி விளக்கினார். இரண்டு தொட்டி, இரண்டு செட் பாத்திரம், தேய்க்கும் நாரும் இரண்டு, கறிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று யூதர்களின் வேதமான தோராவில் மூன்று இடத்தில் வருகிறது, இத்தனையும் அந்த ஒரு வரியிலிருந்துதான். கோழி பால் கொடுக்காது, ஆனாலும் யூத மதகுருக்களான ரப்பிகள் அதையும் கறிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மீன், முட்டை, காய்கறி 'பார்வே', இரண்டு பக்கமும் சேராதவை. கறி சாப்பிட்டால் பாலுக்கு அவர் வீட்டில் ஆறு மணி நேரம் இடைவெளி, ஜெர்மன் வழி வந்த குடும்பங்களில் மூன்று, டச்சு வழியில் ஒன்றுதான். பால் குடித்துவிட்டுக் கறி சாப்பிட இவ்வளவு காத்திருக்க வேண்டாம், வாயைக் கொப்பளித்து ஏதாவது மென்றால் பெரும்பாலும் போதும், கெட்டிப் பாலாடைக்கட்டி மட்டும் பலருக்கு விதிவிலக்கு.

சிக்கனமாகப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். காலையில் பால், தயிர், மதியம் கறி என்று வைத்துக்கொண்டால் செலவும் குறையும், அலைச்சலும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள், சாயங்காலம் யூதர்களின் வார ஓய்வு நாள் தொடங்குவதால் சந்தை மூடிவிடும், டிராமும் நின்றுவிடும். நான் தாமதித்ததால் டாக்ஸியில் மாட்டினேன், மீட்டர் போட மறுத்து 90 ஷெக்கெல் வாங்கிவிட்டார் அந்த ஓட்டுநர். அநியாயம், இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு அது! ஏறும்போதே மீட்டர் போடச் சொல்லுங்கள், மறுத்தால் இறங்கிவிடுங்கள்.

கடைசி நாள் அந்த அம்மாவோடு மதியம் இரண்டு மணிக்குக் கோழிக் குழம்பு சாப்பிட்டேன். நான்கு மணிக்கே காபி நினைப்பு வந்தது, தெருமுனைக் கடையில் போய்க் குடித்திருக்கலாம், மனம் வரவில்லை. எட்டு மணி தாண்டியதும் நீல அலமாரியிலிருந்து இரண்டு கோப்பை எடுத்தார்.