ஐந்து சோடி ஸ்பைக்ஸ்

யாழ்ப்பாணத்தில் பாடசாலைக் காலத்தில் எங்களுக்குக் கிரிக்கெட் பழக்கிய சேர் காலமான செய்தி எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, லண்டனில் மகனைக் கிரிக்கெட் பயிற்சிக்கு இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்தேன். பயிற்சி முடிந்து அவன் வந்து கண்ணாடியில் தட்டும்வரை அப்படியே இருந்தேன். சேரை நினைத்தால் எனக்கு 2003 தை மாதம்தான் முதலில் வரும்.

போரால் மூடிக் கிடந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 19 வயதுக்குட்பட்ட பாடசாலைகளுக்கிடையிலான தொடரில் நாங்கள் பிரிவு இரண்டு. கொழும்பு, கண்டிப் பெரிய கல்லூரிகள் எல்லாம் முதலாம் பிரிவில். அங்கே ஏற வேண்டுமென்றால் தெற்கே போய் இரண்டு நாள் போட்டிகளில் புள்ளி எடுக்க வேண்டும். "ஊருக்குள்ள நூறு அடிச்சா ஊர்தான் பாக்கும். அங்க முப்பது அடி, தெரிவுக்குழு பாக்கும்" என்பார் சேர். இந்த இரண்டாம் பிரிவுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே கதவு என்று அவர் முழுமனதோடு நம்பினார். எங்களையும் நம்ப வைத்தார்.

முகமாலைச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்டினோம். ஒரு ஆமிக்காரன் என் மட்டையை எடுத்து, பந்தில்லாமலே ஒரு கவர் டிரைவ் ஆடிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். பிறகு வன்னிக்குள் குன்றும் குழியுமான ரோட்டு, ஓமந்தையில் மறுபடி சோதனை. மொறட்டுவைக்குப் போய்ச் சேர நடுச்சாமம்.

காலையில் மைதானத்தைப் பார்த்ததும் எல்லாரும் அமைதியாகிவிட்டோம். ஆடுகளத்தில் மற்றிங் விரிப்பு இல்லை, புல் விக்கெட். நாம் மற்றிங்கை நாலு பேராய்ச் சுமந்து, இழுத்து, ஆணியடித்து வளர்ந்த பிள்ளைகள். அதில் பந்து எழும்பி வரும், பின்காலில் நின்று ஆடலாம். சேர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துபோய்க் குந்தியிருந்து, பெருவிரலால் நிலத்தை அழுத்திப் பார்த்தார். விரலில் ஈரம். "எழும்பாது. முன்னுக்கு வந்து ஆடுங்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பழக்கம் விடுமா? ஆரம்ப வீரனாகப் போன நான் மூன்றாம் பந்திலேயே பின்காலில் எல்பிடபிள்யூ அவுட். பந்து கணுக்காலுக்கு மேலே வரவேயில்லை. ஸ்பைக்ஸ் எனும் அடியில் ஆணி வைத்த சப்பாத்து இல்லாமல், வெறும் றப்பர் அடிச் சப்பாத்தோடு ஓடி ஒருவன் நடுப்பிச்சில் வழுக்கி விழுந்து ரன் அவுட். 41 ஓட்டங்களுக்கு எல்லாரும் அவுட். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. எதிரணிப் பையன்கள் சிரித்தது இன்றைக்கும் காதில் நிற்கிறது. சேர் ஒரு வார்த்தை ஏசவில்லை. இரண்டாம் நாள் நான் 34 அடித்தேன், முழுக்க முன்காலில். "இப்ப விளங்கிட்டுது உனக்கு" என்று தோளில் தட்டினார்.

ஊர் திரும்பியதும் அவர் கனடாவிலிருந்த ஒரு பழைய மாணவருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த பருவத்துக்கு ஐந்து சோடி ஸ்பைக்ஸ் வந்தது. பதினொரு பேருக்கு ஐந்து சோடி. விக்கெட் விழுந்தால், எல்லைக் கோட்டில் இருந்து சப்பாத்து மாற்றுவோம், நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எட்டாம் அளவுச் சோடியை மட்டும் சேர் எனக்கென்று ஒதுக்கி வைத்தார். 2004இல் குழுவில் முதலிடத்துக்கு வர எங்களுக்கு இன்னும் இரண்டு போட்டிகள்தான் இருந்தன.

அந்த நேரம் எனக்கு விசா வந்தது.

சேரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் பயிற்சிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்பைக்ஸில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் கிளறித் துப்புரவாக்கி, விறாந்தையில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு கடிதம்கூட வைக்கவில்லை. இருபது வருடத்தில் எத்தனையோ முறை எடுத்திருக்கலாம், ஒரு தொலைபேசி அழைப்பு. எடுக்கவில்லை.

யாழ் மத்திய கல்லூரிப் பிள்ளை வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் முதல் விக்கெட்டாக அஞ்சலோ மத்தியூஸை எடுத்த இரவு, சேரை நினைத்துக்கொண்டு நெடுநேரம் விழித்திருந்தேன். அன்றைக்காவது எடுத்திருக்க வேண்டும்.

செத்தவீட்டுக்குப் போய்வந்த நண்பனிடம், நான் போன பிறகு அந்தச் சப்பாத்து என்னவானது என்று கேட்டேன். அடுத்த போட்டிக்கு 17 வயதுப் பிரிவில் இருந்து ஒரு சின்னப் பையனை எடுத்தாராம். அவனுக்கு ஆறாம் அளவுக் கால். விரல் பக்கம் பேப்பரைச் சுருட்டி அடைத்து, சேரே குந்தியிருந்து லேஸ் கட்டிவிட்டாராம்.