கருங்கழுகும் ஊசிக்கணவாயும்: ஒப்பிடச் சொன்னால் கண்ணில் தொடங்குங்கள்

விலங்கியல் தேர்வில் ‘ஒப்பிடுக’ என்று வந்ததும் பலர் தாளின் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் பட்டியல் எழுதுவார்கள். உறவில் நெருங்கிய விலங்குகளுக்கு அது சரி. ஒரு கொன்றுண்ணிப் பறவைக்கும் கணவாய்க்கும் பட்டியல் போட்டால் முடிவே இருக்காது. கோத்தகிரியில் இருந்துகொண்டு முதுகலைக்குப் படித்தபோது நான் வேறு வழியில் போனேன். ஒரே உறுப்பை எடுத்துக்கொண்டு, இரண்டு உயிர்களும் ஒரே சிக்கலை எப்படித் தீர்த்தன என்று பார்த்தேன். நான் எடுத்தது கண்.

கருங்கழுகு கோத்தகிரி அருகேயுள்ள லாங்வுட் சோலைக்காட்டு மரங்களுக்கு மேல் மெதுவாக வட்டமிட்டு, கூட்டிலிருக்கும் முட்டையையும் குஞ்சையும் தேடும். ஊசிக்கணவாய் (பழைய புத்தகங்களில் லோலிகோ) கடலில் மீனையும் இறாலையும் துரத்தும். இரண்டுக்கும் கூர்மையான பார்வை வேண்டும். இரண்டிலும் லென்ஸும் விழித்திரையும் உண்டு. ஆனால் காற்றில் ஒளியைப் பெரும்பாலும் வளைப்பது கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் ஒளிபுகும் படலம். தண்ணீருக்குள் கார்னியாவால் அது முடியாது, அதனால் முழு வேலையும் லென்ஸின் தலையில். கணவாயின் லென்ஸ் உருண்டையாக இருப்பது இதனால்தான். இந்தக் ‘காரணம்’ வரிக்குத்தான் மதிப்பெண் என்பது என் கருத்து. குவியப்படுத்துவதிலும் வேறுபாடு: பறவை லென்ஸின் வடிவத்தை மாற்றும், கணவாய் லென்ஸையே முன்னும் பின்னும் நகர்த்தும்.

விழித்திரைக்கு வந்தால் விஷயம் இன்னும் அழகு. கணவாயில் ஒளி உணர் செல்கள் வெளிச்சம் வரும் பக்கம் முகம் காட்டி இருக்கும். நரம்பு பின்பக்கமாகவே போய்விடும், குருட்டுப் புள்ளி (ஒளியை உணராத இடம்) கிடையாது. பறவையில் செல்கள் வெளிச்சத்துக்கு முதுகு காட்டித் திரும்பியிருக்கும், நரம்பு விழித்திரையைத் துளைத்துத்தான் வெளியேறும், அந்த இடம்தான் குருட்டுப் புள்ளி. அந்தக் குருட்டுப் புள்ளியின் மேல்தான் விழித்திரைக்கு ஊட்டம் தரும் பெக்டன் என்ற மடிப்பு நிற்கிறது. அப்புறம், கழுகுக்கு ஒரு கண்ணில் இரண்டு ஃபோவியா (விழித்திரையில் பார்வை மிகக் கூர்மையாக இருக்கும் குழி) உண்டு, நிறமும் தெரியும். ஊசிக்கணவாய்க்கு நிறம் பிரித்தறியும் வசதி இல்லை.

கருவில் பறவையின் விழித்திரை மூளையிலிருந்து வளர்கிறது, கணவாயினுடையது தோலிலிருந்து. ஆகவே இவை செயல் ஒத்த உறுப்புகள் (வேலை ஒன்று, தோற்றம் வேறு), குவி பரிணாமம் (தனித்தனியாகத் தோன்றி ஒன்றுபோல ஆனவை) என்று எழுதலாம். அதோடு நிறுத்தாமல், இரண்டிலும் கண் உருவாவதைத் தொடங்கி வைப்பது பாக்ஸ்6 மரபணு என்ற வரியையும் சேருங்கள்.

இதயம், ரத்தம் எல்லாம் சுருக்கமாகப் போதும்: கணவாய்க்கு மூன்று இதயம், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க செம்பு சார்ந்த ஹீமோசயனின், கழுகுக்கு நான்கு அறை இதயம், இரும்பு சார்ந்த ஹீமோகுளோபின்.

மலையில் கணவாய் எங்கே என்று கேட்பீர்கள். ஐஸில் வரும் கடல்மீனோடு சில நாள் கிடைக்கும், மீன்கடையில் சொல்லிவையுங்கள். கழுகைத் தொட முடியாது, சட்டப்படி குற்றம். அதுவும் பறவைதான் என்பதால் கறிக்கடையில் கோழித்தலை வாங்கினால் போதும். இரண்டு கண்ணையும் பிளேடால் கவனமாகத் திறங்கள். கணவாயின் லென்ஸ் கெட்டியான மணியாக உருளும். கோழியினுடையது தட்டையாக, மெத்தென்று இருக்கும், உள்ளே பெக்டன் கறுப்பு மடிப்பாகத் தெரியும். அங்கேயே இரண்டையும் பக்கம் பக்கமாக வரைந்து பாகங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.